காலேஜ் பேண்டின் முதல் ராக் வீடியோ: சேலத்திலும் ஏற்காட்டிலும் எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சொந்தமாக ஒரு ராக் பாட்டு போட்டு முடித்த கையோடு, "அண்ணா, ஏற்காட்ல ஒரு வீடியோ எடுத்துடலாமா?" என்று கேட்டு வருகிற பேண்டுகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரு விஷயம்தான் இருக்கிறது. ராக் வீடியோவில் ஜனங்கள் பார்க்க வருவது நீங்கள் வாசிப்பதை. மலையும் பனியும் ட்ரோனும் அதற்கு அப்புறம்தான். முழுப் பாட்டையும் பேண்டு நின்று வாசிக்கிற காட்சி கையில் இருந்தால் மற்றதில் பாதி கெட்டுப்போனாலும் வீடியோ வந்துவிடும், அது இல்லையென்றால் எத்தனை அழகான வியூ எடுத்து வந்தாலும் எடிட்டில் உட்கார்ந்து முழிக்க வேண்டியதுதான்.

பாட்டு இன்னும் மிக்ஸில் இருக்கிறது. ஷூட்டிங் தேதி குறித்துவிடலாமா?

பாட்டின் நீளமும் வேகமும் இனி மாறாது என்றால் குறிக்கலாம். கிட்டார் சத்தம் கொஞ்சம் கூட, பேஸ் கொஞ்சம் குறைய என்று மிக்ஸில் பின்னால் மாற்றிக்கொள்வதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஷூட் முடிந்த பிறகு "இரண்டாவது சரணத்துக்கு முன்னாடி நாலு பார் வெட்டிடலாம்" (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) என்று யாராவது சொன்னால், அல்லது டெம்போவை இரண்டு புள்ளி ஏற்றினால், எடுத்த உதட்டசைவு எதுவும் ஒட்டாது. அதனால் ஸ்டுடியோவில் இருந்து நீளம் உறுதியான ஒரு பதிப்பை வாங்கி, அதன் தொடக்கத்தில் நாலு டிக் சத்தம் சேர்த்து, ஸ்பாட்டுக்கான பிளேபேக் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிக் இல்லாமல் முதல் வார்த்தையில் யாருமே சேர்ந்து தொடங்க முடியாது. பல்லவியில் இருந்து, சோலோவில் இருந்து, கடைசிப் பல்லவியில் இருந்து என்று துண்டு துண்டாகவும் டிக்கோடு தனி ஃபைல் போட்டு வையுங்கள். ஸ்பாட்டில் போனைத் தேய்த்துத் தேய்த்து இடம் தேடுகிற நேரம் மொத்தமாக மிஞ்சும்.

கதை வைக்கணுமா, நாங்கள் வாசிப்பது மட்டும் போதுமா?

முதல் வீடியோ என்றால் வாசிப்பது மட்டும் போதும் என்பதுதான் என் கட்சி. கதை வைத்தால் நடிக்கத் தெரிந்தவர் வேண்டும், உடை மாற்றம் வேண்டும், அந்தக் கதையை வசனமே இல்லாமல் நாலு நிமிஷத்தில் புரியவைக்க வேண்டும். பேண்டில் இருப்பவர்களுக்கு இயல்பாக வருவது வாசிப்பு. அதில் அவர்களிடம் வெட்கம் இருக்காது, கண்ணில் பொய் இருக்காது. காதல் தோல்விக்காக ஏரிக்கரையில் தனியாக நடக்கச் சொன்னால் அதே பையன் கட்டையாகிவிடுவான்.

கதைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் நாலு பேர் நாலு ஊரில் இருந்து கிளம்பி ஒரு இடத்துக்கு வந்து சேர்கிறார்கள், வந்ததும் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருத்தர் ஆத்தூர் பஸ்ஸில், ஒருத்தர் இளம்பிள்ளையில் தறிப் பட்டறையில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு, ஒருத்தர் ஜங்ஷனில் ரயில் இறங்கி. இதெல்லாம் உங்கள் நிஜ வாழ்க்கையிலேயே இருப்பது, நடிக்க வேண்டியதில்லை. ஃப்ளாஷ்பேக், விபத்து, ஆஸ்பத்திரி, கடிதம் இதெல்லாம் வேண்டாம்.

எத்தனை ஷாட் எடுக்கணும்? ஒரு நாளில் முடியுமா?

பாட்டையே அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடுங்கள். 120 டெம்போவில், அதாவது நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்தில், நாலு தட்டு தாளம் என்றால் ஒரு பார் சரியாக 2 வினாடி, 4 நிமிஷப் பாட்டில் 120 பார். சரணத்தில் இரண்டு பாருக்கு ஒரு வெட்டு, பல்லவியில் பாருக்கு ஒரு வெட்டு என்று வைத்தாலே எண்பது வெட்டு வந்துவிடும். எண்பது ஷாட்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டியதில்லை, முழுப் பாட்டையும் நிற்காமல் பல கோணத்தில் எடுத்தால் அதில் இருந்தே பெரும்பகுதி வந்துவிடும்.

4 நிமிஷப் பாட்டை ஒரு முறை முழுதாக எடுத்து, தண்ணீர் குடித்து, கேமராவை நகர்த்தி அடுத்ததற்குத் தயாராகப் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், எல்லாரும் சுறுசுறுப்பாக இருந்தால் மணிக்கு ஐந்தாறு டேக். முதலில் எல்லாரும் தெரிகிற வைட், அப்புறம் இடது பக்கம், வலது பக்கம், அப்புறம் ஆளுக்கு இரண்டு முறை க்ளோஸ். இதற்கு அரை நாள் போய்விடும். மிச்ச அரை நாளில்தான் நடப்பது, ஓடுவது, கொண்டை ஊசி வளைவு, கிட்டார் கம்பியின் க்ளோஸ்-அப் எல்லாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காலையில் போனதும் வியூ நன்றாக இருக்கிறதே என்று அதை எடுக்க ஆரம்பித்தால், வாசிக்கிற காட்சிக்கு வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும், டிரம்மர் பசியில் இருப்பார்.

ஏற்காடுதான் வேணுமா? சேலத்திலேயே எடுக்க இடம் இருக்கா?

ஏற்காட்டைப் பற்றி எல்லாருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது, எனக்கும்தான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலத்தில் இருந்து 30 கிலோமீட்டர் சுமார், ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு. ஆனால் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், ஏரி, கிளியூர் அருவி இந்த நாலும் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிரேமில் எங்கே திருப்பினாலும் குடும்பத்தோடு செல்ஃபி எடுப்பவர்கள் நிற்பார்கள். அந்த இடங்களில் வியூ இருக்கும், பேண்டு நிற்க இடம் இருக்காது. ஒரு டிரம் செட், இரண்டு கிட்டார், ஒரு மைக் ஸ்டாண்டு வைத்துச் சுற்றிக் கேமராவும் நகர வேண்டுமென்றால் குறைந்தது ஒரு ஷட்டில் கோர்ட்டில் பாதி அளவு சமதரை வேண்டும். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் சமதரை கிடைப்பது அரிது.

அதற்கு நான் சொல்லும் வழி, காப்பி எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களம். சிமென்ட் தரை, சுற்றிலும் சில்வர் ஓக் மரம், மரத்தில் மிளகுக் கொடி, தனியார் இடம் என்பதால் கூட்டமும் இல்லை. அறுவடைக் காலத்தில், அதாவது நவம்பரில் இருந்து ஜனவரி தாண்டி வரைக்கும், களத்தில் காப்பி கிடக்கும், அப்போது கேட்கவே கேட்காதீர்கள், அது அவர்களின் ஒரு வருஷப் பிழைப்பு. மற்ற மாதங்களில் முதலாளியிடமோ கணக்குப் பார்க்கிற எஸ்டேட் ரைட்டரிடமோ நேரில் போய், "அண்ணா, காலேஜ் பசங்க, சொந்தப் பாட்டு ஒண்ணு எடுக்கணும், காலையில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும், குப்பை போட மாட்டோம், செடிய மிதிக்க மாட்டோம்" என்று நேரம் சொல்லிக் கேளுங்கள். நேரம் சொல்லிக் கேட்பவருக்கும் சும்மா கேட்பவருக்கும் கிடைக்கிற பதிலே வேறு.

இனி சேலம். சேலம் ஒரு உலோக ஊர், தறி ஊர், ஜவ்வரிசி ஊர். ராக் பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிக் கூடங்கள் இருக்கின்றன. தறி ஓடும்போதே அதன் நடுவில் நின்று வாசிக்கலாம். பாட்டு ஏற்கனவே பதிவானது, ஸ்பாட்டுச் சத்தம் நமக்குத் தேவையில்லை, அதனால் தறி எவ்வளவு இரைந்தாலும் கவலை இல்லை. நீளமான முடியும் துப்பட்டாவும் மட்டும் தறிப் பக்கம் போகக்கூடாது, முடியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், இதில் ஸ்டைல் பார்க்கவே கூடாது. ஆத்தூர் போகும் வழியில் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசி காயும் களங்கள் இருக்கும். வெள்ளை வெளேரென்று பரந்து கிடக்கிற அந்த ஜவ்வரிசி வெயிலைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்பும், காசு கொடுத்து ரிஃப்ளெக்டர் வாங்கினாலும் அந்த வெளிச்சம் வராது. சாப்பிடுகிற பொருள் என்பதால் களத்தின் ஓரத்தில்தான் நிற்க வேண்டும், உள்ளே கால் வைக்கக் கூடாது. செவ்வாய்ப்பேட்டை சந்துகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், கன்னங்குறிச்சியில் குட்டித் தீவுகளோடு மூக்கனேரி, இருட்டிய பிறகு ஐந்து ரோடு ஈரடுக்குப் பாலத்தின் கீழே விழுகிற விளக்கு வெளிச்சம். மேக்னசைட் சுரங்கப் பக்கம் வெள்ளை மலை அழகாகத் தெரியும்தான், ஆனால் சுரங்கத்துக்குள் நுழையும் யோசனை வேண்டாம்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது. மலை ஏறுகிற வழியில் அதன் முன்னால் நாலு பேரும் கிட்டாரோடு நிற்கிற ஒரு ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா எடுத்த ஊர் இது என்று நம் பிள்ளைகளுக்கே பாதிப் பேருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

அக்டோபர் பாதியில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மலையில் பனிமூட்டம் அருமையாக இருக்கும், மழையும் சொல்லாமல் வரும். மே மாதம் கோடை விழாக் கூட்டம். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்காமல் வண்டிக்குள் போய்விடுங்கள். என் விருப்பம் பிப்ரவரியும், ஜூலை ஆகஸ்டில் வார நாட்களும். பரீட்சை எப்போது என்று பார்த்துக்கொண்டு குறியுங்கள்.

நேரம் என்றால் விடிந்ததில் இருந்து ஒன்பதரை வரை, அப்புறம் சாயங்காலம் நாலுக்கு மேல். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தை ஒட்டியும் மதியம் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் எடுத்தால் எல்லாருக்கும் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தறிக்கூடம் போன்ற உள் இடங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் வரவே ஆறரை தாண்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பனிமூட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நிற்காது, நகரும். முதல் டேக்கில் டிரம்மருக்குப் பின்னால் ஒன்றுமே தெரியாது, அடுத்த டேக்கில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், இரண்டையும் ஒட்டினால் தாவும். பனி வந்ததும் மற்றதை விட்டுவிட்டு வைட் ஷாட்டை எடுத்துவிடுங்கள், க்ளோஸ்-அப் பின்னால் எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. பனியில் ஆட்டோ ஃபோகஸ் அலைபாயும், கையால் பூட்டிவிடுங்கள். ஏசி காரில் இருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸில் ஈரம் படியும், அதனால் மலை ஏறும்போதே ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள்.

டிரம்ஸை மலைக்கு எப்படிக் கொண்டுபோவது?

குட்டி யானையில். பஸ்ஸில் வேண்டாம், காரின் மேல் கட்டுவதும் வேண்டாம். சிம்பல்களைப் பழைய போர்வையில் சுற்றிப் படுக்கவைத்து, பேஸ் டிரம்மை நடுவில் வைத்து, கூட ஒருவர் உட்கார்ந்து வர வேண்டும். அந்த ஒருவருக்கு வளைவுகளில் வாந்தி வராது என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டிரம்ஸுக்குக் கீழே விரிக்க ஒரு ஜமுக்காளம் கட்டாயம், இல்லையென்றால் சிமென்ட் தரையில் ஒவ்வொரு அடிக்கும் பேஸ் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஜமுக்காளத்தில் ஒவ்வொரு காலும் இருக்கிற இடத்தில் டேப் ஒட்டிவிட்டால் இடம் மாறினாலும் அதே மாதிரி வைக்கலாம்.

ஸ்பாட்டில் பாட்டை எதில் போடுவது?

சினிமாவில் இதை நாக்ரா என்பார்கள், தனியாக ஒருவர் இதற்கே இருப்பார். உங்களிலும் ஒருவரை இதற்கென்றே வையுங்கள், அவர் கேமரா பக்கமோ உடை பக்கமோ போகக் கூடாது. டிரம்மர் நிஜமாக அடித்தால் கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர் கேட்கவே கேட்காது. ஊரில் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒரு பாக்ஸ் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து ஒயர் போட்டு இணையுங்கள், டிரம்மருக்கு மட்டும் முடிக்குள் மறைகிற மாதிரி இயர்போன். இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கரை இரண்டு பக்கம் வைத்தால் ஒன்றுக்கொன்று பின்னும் முன்னும் ஒலிக்கும், யாருக்கும் தாளம் நிற்காது.

மலையில் எடுப்பவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. காற்றில் சத்தம் வினாடிக்கு 340 மீட்டர் சுமார்தான் போகும். பேண்டு ஒரு பாறையில், நீங்கள் 70 மீட்டர் தள்ளி எதிர்ப் பாறையில் நின்று வைட் எடுத்தால், பாட்டு கேமராவுக்கு வந்து சேர 0.2 வினாடி ஆகும், அதாவது 25 ஃபிரேமில் 5 ஃபிரேம். கேமராவில் பதிவான சத்தத்தை வைத்து எடிட்டில் ஒட்டினால் உதடும் குச்சியும் பாட்டுக்கு முந்தி ஓடும். அதனால் ஒவ்வொரு டேக்கிலும் பாட்டில் டிக் வரும்போது டிரம்மர் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டட்டும், எடிட்டில் அந்தக் காட்சியைப் பார்த்துப் பொருத்துங்கள்.

நிஜமாகவே வாசிக்கணுமா, சும்மா அசைத்தால் போதாதா?

நிஜமாக வாசிக்க வேண்டும். பாடுபவர் வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு புடைக்காது, நெஞ்சு ஏறி இறங்காது, பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாமலே ஏதோ குறைவாகத் தெரியும். தொண்டை கிழியப் பாடுங்கள். சிம்பல் அடி வாங்கி ஆடினால்தான் அது ராக். லீட் கிட்டாரிஸ்ட் சோலோவில் எந்தக் கட்டையில் விரல் வைக்கிறார் என்று பார்ப்பதற்கென்றே ஊரில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்கள்தான் உங்கள் முதல் ரசிகர்கள், அவர்களை ஏமாற்றாதீர்கள். கிட்டாரில் கேபிளைச் செருகியிருங்கள். கிட்டார் சத்தத்தைக் கூட்டும் பெட்டியான ஆம்ப் அணைந்திருந்தாலும் பரவாயில்லை, ஃபிரேமில் ஒன்று இருக்கட்டும்.

போன் போதுமா? செட்டிங் என்ன வைக்கணும்?

இப்போதைய நல்ல போன் போதும், ஆனால் போனின் சொந்தக் கேமரா ஆப் வேண்டாம். அது வெளிச்சத்தையும் ஃபிரேம் வேகத்தையும் தன்னிஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், நாலு நிமிஷப் பாட்டின் கடைசியில் உதடு விலகியிருக்கும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில் எல்லாவற்றையும் பூட்டலாம். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட்டும் விலை குறைந்த எல்இடியும் வினாடிக்கு 100 முறை துடிக்கும், 30 ஃபிரேமில் 1/60 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். தறிக்கூடத்திலும் கல்லூரி ஆடிட்டோரியத்திலும் இது நிச்சயம் வரும். வெளியில் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும், அதற்கு லென்ஸின் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வேண்டும்.

கேமரா வாடகைக்கு எடுத்தால் கார்டுக் கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் நிமிஷத்துக்கு 750 எம்பி, 64 ஜிபி கார்டு ஒன்றேகால் மணி நேரம் தாண்டிக் கொஞ்சம் வரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுங்கள், மலை இறங்கும்போது இரண்டும் வேறு வேறு வண்டியில் வரட்டும்.

ஸ்லோ மோஷனில் பாடுகிற மாதிரி எடுப்பது எப்படி?

50 ஃபிரேமில் எடுத்து 25-ல் ஓட்டினால் பாதி வேகம். அதனால் ஸ்பாட்டில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டு அதற்குப் பாட வேண்டும், அப்புறம் முடி மெதுவாக ஆடும், உதடு பாட்டோடு சரியாக நிற்கும். 120 டெம்போ பாட்டு 240 ஆகிவிடும், டிரம்மரால் அதில் அடிக்க முடியாது, எனவே பாடுபவரை மட்டும் தனியாக, மெதுவான சரணத்தில் நாலு வரி. வீட்டிலேயே ஒரு வாரம் அந்த வேகத்தில் பாடிப் பழகி வர வேண்டும்.

லைட்டுக்கும் புகைக்கும் என்ன செய்வது?

வெளியில் எடுத்தால் தெர்மாகோல் தாள் இரண்டு, வெள்ளை வேட்டி ஒன்று. தெர்மாகோல் வெளிச்சத்தைத் திருப்ப, வேட்டியை நாலு பேர் தலைக்கு மேல் பிடித்தால் கடும் வெயில் பஞ்சாகும். சில்வர் ஓக் நிழலில் முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழுமே, அதற்கும் அந்த வேட்டிதான் மருந்து.

உள்ளே எடுத்தால் முன்னால் இருந்து லைட் அடிக்காதீர்கள். பேண்டுக்குப் பின்னால் இருந்து, கொஞ்சம் மேலே இருந்து அடியுங்கள், தோளிலும் முடியிலும் சிம்பலிலும் கோடு விழும். நடுவில் லேசான புகை இருந்தால் அந்த ஒளி கம்பி கம்பியாகத் தெரியும். மெஷின் கிடைக்காவிட்டால் தேங்காய்த் தொட்டிக் கரியில் சாம்பிராணி போட்டு ஒருவர் சுற்றி வரட்டும், ஐந்து நிமிஷம் அடங்கவிட்டு எடுங்கள். தறிக்கூடத்தில் வேண்டாம், பஞ்சும் நூலும் இருக்கிற இடத்தில் கங்கு கொண்டுபோகவே கூடாது. ஆஸ்துமா யாருக்காவது இருந்தால் எங்கேயும் வேண்டாம்.

ஜெனரேட்டர் எடுத்தால் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாம் ஸ்பாட்டுச் சத்தம் எடுக்கவில்லை. ஆனால் அது அறைக்கு வெளியில்தான் ஓட வேண்டும், அதன் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும்.

யார் யாரிடம் அனுமதி? ட்ரோன் பறக்கவிடலாமா?

கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம், தேதி, இடம், ஆட்களின் பெயரோடு. அதுதான் எல்லா இடத்திலும் உங்களுக்கு முகம். பூங்காக்கள் தோட்டக்கலைத் துறையிடம், படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம், காட்டுப்பகுதி வனத்துறையிடம். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. ஸ்பீக்கர் வைத்தால் சத்தமே பிரச்சினை, மலையில் காட்டெருமைகள் திரிகின்றன, அவை மிரண்டால் கிட்டாரோடு ஓட முடியாது. கொண்டை ஊசி வளைவில் ரோட்டை மறித்து எடுப்பது கூடவே கூடாது, வண்டியில் ஏறுகிற காட்சியை உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாக எடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரியில் இருந்து தமிழ்நாட்டில் தடை, சாப்பாட்டை எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போங்கள்.

ட்ரோனுக்கு 2021-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று அர்த்தம் இல்லை, டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருப்பார்கள், இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். ஓமலூர்ப் பக்கம் எடுப்பவர்கள் கமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதை மறக்க வேண்டாம். என் கருத்து, முதல் வீடியோவுக்கு ட்ரோன் தேவையில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாம்.

எங்கள் பாடகி பெண். சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்கணும் என்கிறார்கள். என்ன செய்வது?

அவருக்கு ஏற்ற மாதிரி நாளை அமையுங்கள், அவரை நாளுக்கு ஏற்ற மாதிரி வளைக்காதீர்கள். பாடுபவரின் க்ளோஸ்-அப்தான் வீடியோவின் உயிர், அதை எப்படியும் காலையில்தான் எடுக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் அவர் சம்பந்தப்பட்ட எல்லாம் முடியட்டும், டிரம்மர், கிட்டாரிஸ்ட் தனி ஷாட்டெல்லாம் பின்னால். பேண்டில் எல்லாருமாக அவர் வீட்டுக்கு முன்கூட்டியே ஒருமுறை போய், அம்மா அப்பாவிடம் பாட்டைப் போட்டுக் காட்டி, எந்த எஸ்டேட், யார் வண்டி, யார் நம்பர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அம்மா கூட வருகிறேன் என்றால் சந்தோஷமாகக் கூட்டிப் போங்கள். உடை மாற்ற ஒரு அறையும் கழிவறையும் இருக்கிற இடமாகப் பார்ப்பது உங்கள் கடமை, லொகேஷன் பார்க்கப் போகும்போதே இதைக் கேளுங்கள். இதைச் சரியாகச் செய்யாததால்தான் நன்றாகப் பாடுகிற பல பெண்கள் பேண்டை விட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு உறுதியான எண்ணம்.

காசு குறைவு. எதில் குறைக்கலாம்?

உடை, ட்ரோன், கிரேன், இன்ட்ரோ கிராஃபிக்ஸ் இதிலெல்லாம் குறையுங்கள். சாப்பாட்டிலும் வண்டியிலும் குறைக்காதீர்கள். காலை டிபன் மேலே போய்ப் பார்த்துக்கலாம் என்றால் எட்டரை மணி நல்ல வெளிச்சத்தில் எல்லாரும் ஹோட்டல் வரிசையில் நிற்பீர்கள். இட்லி கட்டிக்கொண்டு போங்கள். பேக்கப் ஆனதும் சேலம் இறங்கி எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள், சும்மா வந்து தெர்மாகோல் பிடித்த ஜூனியர்களுக்கு முதலில்.

மழை வந்துவிட்டால்?

கருவிகளை மூட தார்ப்பாய். மாற்று இடமாக அடிவாரத்திலோ டவுனிலோ ஒரு உள் இடம் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். நனைந்துகொண்டே வாசிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள், கிட்டாரிலோ ஆம்பிலோ கரண்ட் இருந்தால் ஷாக் அடிக்கும், அது வேண்டவே வேண்டாம்.

எடிட் எதில் செய்வது?

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். எல்லா டேக்கையும் பாட்டோடு பொருத்தி, எல்லாக் கோணத்தையும் ஒன்றாக ஓடவிடுகிற மல்டிகேமில் போட்டு, பாட்டை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே கோணம் மாற்றினால் முதல் வடிவம் ஒரே மூச்சில் வந்துவிடும். எல்லா வெட்டையும் தாளத்தின் மேலேயே போடாதீர்கள், எந்திரத்தனமாக இருக்கும். சில வெட்டு தட்டுக்கு ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் முந்தி விழட்டும், சில இடத்தில் முகத்தை நாலு பார் முழுக்க வெட்டாமல் விடுங்கள். கலர் எல்லாம் கடைசியில். நாலு பேரும் ஆளுக்கொரு கருத்து சொல்லி எடிட்டரைச் சாகடிக்காமல், ஒருவரை மட்டும் பேச நியமியுங்கள்.

சினிமாப் பாட்டை ராக் ஆக்கி வாசித்தால் அதற்கு வீடியோ எடுக்கலாமா?

வாசித்துப் பழகலாம். வெளியிடுவதென்றால் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டும் வரிகளும் வேறொருவருடையவை, எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருஷமும் அந்த உரிமை நிற்கும். வீடியோவோடு சேர்த்து வெளியிட உரிமையாளரிடம், பெரும்பாலும் ஆடியோ கம்பெனியிடம், எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் யூடியூபில் ஏற்றினால் அடுத்தவர் பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்து, வருமானத்தை அந்தக் கம்பெனிக்குத் திருப்பலாம் அல்லது வீடியோவையே முடக்கலாம். இவ்வளவு உழைப்பையும் சொந்தப் பாட்டுக்குப் போடுங்கள். அதிலும் வரி எழுதியவர் பேண்டில் இல்லாத நண்பர் என்றால், ஷூட்டுக்கு முன்பே ஒரு தாளில் யார் யாருக்கு என்ன உரிமை என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவின் கீழே பெயர் போடும்போது களம் கொடுத்த எஸ்டேட்காரர், தறி ஓட்டிக் காட்டியவர், குட்டி யானை ஓட்டிய அண்ணன் எல்லார் பெயரையும் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், வெளியான அன்றைக்கே லிங்க்கை அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த பேண்டு போய்க் கேட்கும்போது அந்த வாசல் திறந்திருக்கும்.